வாரத்துக்கு விட்ட ஹொண்டா

மாசி மாதத்தில், ஊரெல்லாம் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், இலந்தைப்புலத்து மருத்துவிச்சி நேசமலரின் வீட்டு ஓலைக் கொட்டிலுக்குள் அவளுடைய பழைய சிவப்பு ஹொண்டா மோட்டார்சைக்கிள் கன்று போட்டது, தோட்டத்தில் நின்ற சனம் கை மண்ணைக்கூடக் கழுவாமல் வந்து, எட்டிப் பார்த்து, "தாய்க்குச் சுகமோ?" என்று கேட்டு, சுகம் என்று அறிந்து, வெயில் ஏறமுதல் திரும்பவும் வெங்காயத்துக்குப் போனது.

அறிகுறி இல்லாமலில்லை. ஐப்பசி மழை தொடங்கிய நாளிலிருந்தே அந்த வண்டி மதகடி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, பின்னால் ஆளேற்றினால் முனகியது, ஒரு போத்தல் பெற்றோலில் கொடிகாமம் போய்வரக்கூடியது பாதி வழியில் நின்று இன்னும் கேட்டது, நிறுத்தி வைத்து நெடுநேரமான பிறகும் இஞ்சினின் அடிவயிறு இளஞ்சூடாகவே இருந்தது. சந்தியில் கராஜ் வைத்திருக்கும் எட்வேட் பிளக்கைக் கழற்றித் தேய்த்து, காபரேற்றரை ஊதித் துடைத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, "மிஸி, இதுக்கு வருத்தம் ஒண்டுமில்லை, வயசுதான்" என்று நேசமலரிடம் சொன்னான். மாசமாயிருந்ததை மூப்பு என்று சொன்னவன் என்று அதற்குப் பிறகு ஊர் அவனை எத்தனை கலியாண வீட்டில், எத்தனை செத்த வீட்டில் சொல்லிச் சிரித்தது என்பதற்குக் கணக்கில்லை.

அன்று காலை, திறப்புப் போட்டுத் திருகாத வண்டி முனகுகிற சத்தம் கேட்டு நேசமலர் கொட்டிலுக்குள் போனாள், ஒரு தரம் பார்த்தாள், யாரையும் கூப்பிடவில்லை. இத்தனை வருடமாய் மற்றவர்களின் வீடுகளில் செய்ததையே தன் வீட்டிலும் செய்தாள், அதாவது அடுப்பில் தண்ணீர் வைத்தாள், பழைய நூற்சேலை ஒன்றை இரண்டாக மடித்து நிலத்தில் விரித்தாள், தலைமயிரைக் கொண்டையாக முடிந்து, தாயின் பக்கத்தில் குந்தி, சீற்றில் கையை வைத்து, "முக்கு பிள்ளை, இன்னும் கொஞ்சம், பயப்படாதை" என்று வாய் பழகின சொற்களையே சொன்னாள். ஆட்டுக்குட்டியளவு உருவம் ஒன்று வழுக்கிக்கொண்டு சேலையில் விழுந்தது. அதன் ரயர் இன்னும் கறுக்கவில்லை, பிஞ்சுக் கத்தரிக்காய் நிறமாயிருந்தது. சில்லின் கம்பிகள் ஈர்க்குப்போல் வளைந்தன. ஹெட்லைட் கண் திறக்காத பூனைக்குட்டியினுடையதுபோல் பால் பூத்திருந்தது. அவள் துடைத்துவிட்டதும் அது தன் ஸ்ராண்டில் எழும்பி, நடுங்கி, விழுந்து, திரும்ப எழும்பி, தாயின் அடியில் தேடி, பெற்றோல் குழாயைக் கண்டுபிடித்து, வாய் வைத்தது.

முதலில் வந்தவர் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பசுபதி. பரம்பரையாய் மாடு வளர்க்கிறவர் என்பதால் அவருக்கு யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. தாயின் அடியிலிருந்து கிறீஸ் ஒட்டிய வயரும் ரியூபுமாய் ஒரு பின்னல் விழுந்தபோது, "இளங்கொடி விழுந்திட்டுது, இனிப் பயமில்லை" என்று சொல்லி அதை ஓர் உரப்பையில் போட்டுக் கட்டி, நாய் தீண்டாமலும் தாய்க்குப் பால் வற்றாமலும் இருக்கவேண்டுமென்று, தன் மாடுகளினுடையதைக் கட்டுகிற அதே ஆலமரத்தில், அதே கொப்பில் கட்டிவிட்டு வந்தார். அடுத்த சில நாட்கள் தாயின் அடியில் தேன்போலக் கட்டியான எண்ணெய் சொட்டியது. கன்று போட்டதும் சுரக்கிற கடும்புப்பாலை அயலுக்குக் கொடுக்காமல் தனியே வைத்துக்கொள்வது எப்படியென்று நேசமலர் அதைச் சிறு போத்தல்களில் விட்டு வீடுவீடாய்க் கொடுத்தாள். தையல் மெசின் வைத்திருந்தவர்கள் மெசினுக்கு விட்டார்கள், கதவுப் பிணைச்சல் கத்துகிற வீட்டார் பிணைச்சலுக்கு விட்டார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் சுவாமித் தட்டில் வைத்தார்கள்.

நாம்பனோ பசுவோ என்ற கேள்விதான் ஊரைக் கொஞ்சம் அலைக்கழித்தது. கடைசியில் எட்வேட், இழந்த பேரை மீட்கிற யோசனையோடு, குனிந்து பார்த்து, பெற்றோல் தாங்கி இரண்டு காலுக்கும் நடுவில் இருந்தால் நாம்பன், சீற்றுக்குக் கீழே ஒதுங்கியிருந்து சேலை கட்டினவர்களும் ஏறத்தக்கதாய் நடுவில் இடைவெளி இருந்தால் பசு, இது பசு என்று தீர்த்துவைத்தான். தகப்பன் யார் என்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் கிளினிக் நடக்கிற நாட்களில் நேசமலரின் ஹொண்டாவுக்குப் பக்கத்தில், அதே வேப்பமர நிழலில், தபால்காரர் அரியரத்தினத்தின் சிவப்பு எம்.டி. தொண்ணூறு வண்டி நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கன்றின் மட்காட்டைப் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அரியரத்தினம் அந்த வாரமே வண்டியை வேம்படியிலிருந்து எடுத்து வாசிகசாலைச் சுவரோரம் விடத் தொடங்கினார், கடிதம் கொடுக்க வந்தால் படலைக்கு வெளியே நின்று மணியடித்தார், உள்ளே எட்டிப் பார்க்காமல் பார்த்தார்.

பிள்ளையார் கோயில் ஐயர், இரும்பில் பிறந்தாலும் பிறப்புப் பிறப்புத்தான், துடக்குக் கழியும்வரை தாயைக் கோயில் வீதியில் நிறுத்தவேண்டாம் என்றார். காவல் நிலையத்திலிருந்து கொஞ்சத் தமிழ் தெரிந்த கொன்ஸ்தாபிள் ஒருவர் வந்து, நம்பர் இல்லாத வண்டி ஒன்று நிற்கிறதாமே என்று கேட்டு, கொட்டிலுக்குள் கூட்டிப்போய்க் காட்டியதும் தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்று, "பால் குடிக்கிற மட்டும் அம்மா நம்பர் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நேசமலர் கிளினிக்கின் தொங்கு தராசைக் கொண்டுவந்து, பிள்ளைகளை நிறுக்கிற துணித்தொட்டிலிலேயே கன்றை வைத்து நிறுத்தாள். முள் நின்ற இடத்தைப் பார்த்து, நல்ல நிறை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பட்டினத்தில் பழைய யப்பான் வண்டிகளில் உயிரை வைத்திருக்கிற ஒரு கூட்டம் உண்டு. வாத்தியார், வங்கிக்காரன், மீன் வியாபாரி, ஒரு பல் வைத்தியர் என்று பலவிதம். ஞாயிறு காலைகளில் தேத்தண்ணிக் கடையொன்றின் முன்னால் தங்கள் பிப்ரி, செவென்ரி, சாலி, சி.டி. தொண்ணூறு என்ற ஹொண்டாக்கள் எல்லாவற்றையும் வரிசையாய் நிறுத்தி, ஒருவன் வண்டியை மற்றவன் துடைத்து, அசல் கண்ணாடியோ பிறகு போட்டதோ என்று மத்தியானம்வரை வாதாடுகிறவர்கள். அவர்கள் செய்தி கேட்ட ஞாயிறே இலந்தைப்புலத்துக்கு வந்தார்கள். சந்தியிலேயே இஞ்சின்களை நிறுத்திவிட்டு, பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள்போலச் சத்தம் போடாமல், வண்டிகளை உருட்டிக்கொண்டே ஒழுங்கை நெடுக நடந்து வந்து, படலையில் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவன் சின்னக் கண்ணாடி கொண்டுவந்தான், ஒருவன் மான்தோல் துணி, மீன் வியாபாரி விளைமீன் கொண்டுவந்து அது தாய்க்கு இல்லை மிஸிக்கு என்று விளங்கப்படுத்தினான். வங்கிக்காரன் எடுத்த படம் அன்று பின்னேரமே கடல் தாண்டிப் போனது.

அந்தப் படத்தை ஒல்லாந்தில் இருந்த பத்மசீலன் பார்த்தான், ஹொண்டாவின் சொந்தக்காரன்.

சீலனும் நேசமலரும் ஒரே ரியூட்டரியில் படித்தவர்கள். போரின் தொடக்கத்தில், பெற்றோல் ஊருக்குள் வராமல் போகமுதல், அவன் தன் ஹொண்டாவில்தான் அவளை மருத்துவிச்சிப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டான்; அதற்கு முன்னாலோ பின்னாலோ இருவரும் ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் சொல்லாமலிருந்ததை ஊர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டது. ஒரு மத்தியானம் அவன் வண்டியைக் கொண்டுவந்து அவளுடைய கொட்டிலுக்குள் விட்டுவிட்டு, கடல் தாண்டப் படகு ஏறப் போய்விட்டான். பிறகு ஒல்லாந்தில் கலியாணம் செய்தான், அது நிலைக்கவில்லை என்று கேள்வி. அங்கே வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு, யப்பானில் பிறந்த சின்ன வண்டிகள் சிலவற்றைச் சேர்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரக் கிழவர்களோடு வாய்க்கால் கரைகளில் ஓடுகிறான் என்றும், எத்தனை வண்டி இருந்தும் முதல் வண்டியின் சத்தம் ஒன்றுக்கும் இல்லையென்று அவர்களிடம் சொல்லுகிறான் என்றும் கேள்வி.

படம் பார்த்து ஊருக்கு வந்தபோது தலை நரைத்து, குளிர்நாட்டு நிறமேறி, கையில் ஒரு பெட்டி நிறைய ஆணி கழற்றுகிற சாவிகளும் துணிகளுமாய் வந்தான். தாய் வண்டியின் முன்னால் முழங்காலில் இருந்து, ஒவ்வொரு ஆணியாய்த் தொட்டு, "அப்பிடியே வைச்சிருக்கிறீர்" என்றான். "ஓடினது. வைச்சிருக்கேல்லை" என்றாள் நேசமலர். அதற்குப் பிறகுதான் அவன், இதை ஒல்லாந்துக்குக் கொண்டுபோகலாம் என்றுதான் வந்தேன் என்று சொன்னான்.

அவளுக்குக் கால் அதுதான். மழைவெள்ளத்திலும், செல்குண்டு விழுந்த வீதியிலும், நாலு பக்கத்து ஊர்களுக்கும் அந்த வண்டிதான் அவளைக் கொண்டுபோனது. அவள் கையால் பிறந்த பிள்ளைகள் முதலில் கேட்ட சத்தம் தாயின் சத்தமல்ல, படலையில் வந்து நின்ற ஹொண்டாவின் சத்தம் என்று பெண்கள் சொல்லுவார்கள். எல்லாவற்றையும்விட, கொட்டிலுக்குள் தாயின் குழாயை விடாமல் நிற்கிற அந்தக் குட்டி. அவள், உம்முடைய வண்டிதானே என்றுமட்டும் சொன்னாள், சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள், போனவள் நெடுநேரம் வரவில்லை.

இருவரும் வாதாடாததால் ஊர் வாதாடியது. வாசிகசாலையில் கூடினார்கள். வண்டி எந்தப் பேச்சில் விடப்பட்டது என்று பசுபதி கேட்டார். நேசமலர்தான் சொன்னாள்: போகிற அன்று அவன் திறப்பைக் கையில் தந்து, "உம்மட்டை வாரத்துக்கு விட்டிட்டுப் போறன்" என்று சொன்னான், இருவரும் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

சனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வாரம் என்றால் வாரம். மாட்டை ஒருவரிடம் வளர்க்க விட்டால் பால் வளர்க்கிறவருக்கு, முதல் கன்று வளர்க்கிறவருக்கு, தாய் சொந்தக்காரன் கேட்கிற அன்று சொந்தக்காரனுக்கு. கன்று பால்குடி மறக்கும்வரை மட்டும் தாயை அவிழ்க்கக்கூடாது. பகிடியாய்ச் சொன்னாலும் சொல் சொல்லுத்தான் என்றார் பசுபதி, சொல்லிவிட்டு நேசமலரின் முகத்தைப் பார்க்காமல் துவாயை உதறித் தோளில் போட்டார். அவளை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள்கூட அது நியாயம் என்றார்கள். அவளும் நியாயம் என்றாள்.

ஆகவே கன்றைப் பால் மறக்கடிக்கிற வேலை தொடங்கியது, ஊரும் அதைத் தன் வேலையாய் எடுத்துக்கொண்டது. தாயைக் கொட்டிலின் மறுமூலைக்கு மாற்றி இடையில் கிடுகு கட்டினார்கள். சீலன் தச்சரைப் பிடித்துப் பலகைப் பெட்டி அடிப்பித்தான். கொழும்பில் கப்பல் அலுவல் பார்க்கிறவர்கள் தாங்கியில் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது என்று சொன்னதால் தாயின் பெற்றோல் முழுவதையும் வடித்தெடுத்தான். கன்றுக்கு இனி என்ன கொடுப்பது என்று கேள்வி வந்தபோது எல்லாரும் ஒரே வாயால் மண்ணெண்ணெய் என்றார்கள்.

அதை அவர்கள் யோசித்துச் சொல்லவில்லை. பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் ஊரின் ஒவ்வொரு ஹொண்டாவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மருந்துப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் ரெண்டு சொட்டு விட்டு எழுப்பி, எழும்பினதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்து, வெள்ளைப் புகை கக்கக் கக்க அதிலேதான் கலியாணப் பொம்பிளை போனாள், காயப்பட்டவன் போனான், அரிசி மூட்டை போனது. அந்த வீரத்தைச் சொல்லிச் சொல்லி ஊர் வளர்ந்திருந்தது. கன்றுக்கென்று ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு போத்தலாய்க் கொண்டுவந்தார்கள், சந்தைக்குப் போகிற வழியிலும் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் கொண்டுவந்தார்கள், கொண்டுவந்தவர்கள் போத்தலை மட்டும் தரவில்லை, அந்தப் போத்தலோடு ஒரு கதையும் தந்தார்கள். நேசமலரும் தன் பங்குக்குக் குந்தியிருந்து புனல் பிடித்தாள், தன் கதையையும் சொன்னாள்.

சீலன் ஒருவன்தான் தடுத்தான். பிஞ்சு இஞ்சின் தாங்காது, பெற்றோலில் பழக்குங்கோ, வேண்டுமென்றால் நான் வாங்கித் தருகிறேன் என்றான். பசுபதி கோபமாய் ஒன்றும் சொல்லவில்லை. அன்பாகவே சொன்னார்.

"தம்பி, நீர் அப்ப இஞ்சை இருக்கேல்லை."

சீலன் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தான். பிறகு அவன் கன்றைப் பற்றிக் கதைக்கவேயில்லை. தச்சரோடு போய்நின்று பெட்டிக்கு ஆணி எடுத்துக் கொடுத்தான். நேசமலர் அதைக் கேட்டாள், மறுத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை; அந்தச் சொல் விழுந்த இடத்தில் தனக்குள் எங்கேயோ குளிர்ந்ததையும் அவள் உணர்ந்தாள், அந்தக் குளிர்ச்சி அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அதை வேண்டாமென்று துப்பிவிடவும் இல்லை.

கன்று குடித்தது. இருமியது. வெள்ளையாய்ப் புகை விட்டது. அந்தப் புகையின் மணத்தில் வயதானவர்களின் கண் கலங்கியது, புகைதான் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்கள், இன்னும் கொஞ்சம் குடு என்றார்கள். ஒவ்வொரு நாளும் அதன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாய்த் தேய்ந்தது. ஸ்ராண்டில் நிற்கமாட்டாமல் சுவரில் சாய்ந்தது. தெளிந்துவந்த ஹெட்லைட் திரும்பப் பால் பூத்தது. பழகிவிடும், எங்கட வண்டிகளும் முதல் இப்பிடித்தான் இருமினது என்றார்கள். பெட்டிக்குள் ஏற்றி ஆணியறைந்த தாயின் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, தாங்கி காய்ந்த வண்டிக்குச் சத்தம் ஏது.

கிளினிக் நாளன்று நேசமலர் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்து முடித்துவிட்டுத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து கன்றைத் துணித்தொட்டிலில் வைத்தாள். முள், கன்று பிறந்த அன்று நின்ற இடத்துக்கு வரவில்லை. தட்டிப் பார்த்தாள். வரவில்லை.

இந்த முள்ளை அவள் முன்பு கண்டிருக்கிறாள். பால்மா வராத காலத்தில், முலை வற்றின தாய்மார், சோறு வடித்த கஞ்சியில் சீனி இருந்தால் சீனியும் இல்லாவிட்டால் உப்பும் போட்டுப் பிள்ளைக்குப் பருக்கிவிட்டு, தராசுக்குக் கொண்டுவந்து அவளுடைய முகத்தைப் பார்ப்பார்கள். அவள் அவர்களை ஏசியதில்லை. ஆனால் அது நல்ல சாப்பாடு என்று ஒரு தாய்க்காவது அவள் சொன்னதுமில்லை. பால் வந்த அன்று முதல் ஆளாய் ஒழுங்கை ஒழுங்கையாய் ஓடி, கஞ்சியை ஊற்றச் சொன்னவளும் அவள்தான்.

கன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அப்படியே வாசிகசாலைக்கு நடந்தாள். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தாயம் விளையாடிக்கொண்டிருந்தவர்கள், அன்றைய மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்துகொண்டிருந்த பசுபதி, எல்லாரும் நின்றார்கள். அவள் சத்தம் போடவில்லை.

"நாங்கள் அப்ப வேறை இல்லாமல் குடுத்தது," என்றாள். "நல்லதெண்டு குடுக்கேல்லை. இந்தப் பிள்ளைக்கு என்னத்துக்கு எங்கட பஞ்சம்?"

பசுபதி கையிலிருந்த போத்தலைப் பார்த்தார், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது சீலன் பெட்டியின் மேல் விலாசம் எழுதிக்கொண்டிருந்தான். கன்றை அவள் கைகளில் கண்டதும் எழும்பினான், கிட்ட வரவில்லை.

"திறவும்" என்றாள்.

"நான் திரும்பவும் சொல்லியிருக்கோணும்," என்றான் அவன். "இருக்காதவன் என்னெண்டு சொல்லுறது எண்டு விட்டிட்டன்."

"நீர் இஞ்சை இருக்கேல்லைத்தான். அதாலைதான் மண்ணெண்ணெய் உமக்கு மணத்தது. எங்களுக்கு மணக்கேல்லை. திறவும் சீலன்."

அவன் சுத்தியலைத் தேடவில்லை. பலகையின் விளிம்பில் விரல்களைக் கொடுத்து, காலை ஊன்றி, இழுத்த இழுப்பில் ஆணிகள் கத்திக்கொண்டு வந்தன. தாய் வெளியே வந்தது. தாங்கியில் விட ஒரு சொட்டுப் பெற்றோல் வீட்டில் இல்லை, எல்லாவற்றையும் வடித்து எட்வேட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது, எட்வேட் அதை அன்றே யாருக்கோ விட்டு அனுப்பிவிட்டான். படலையில் மணியடித்தது. தபால்காரர் அரியரத்தினம் கடிதம் ஒன்றும் இல்லாமல் வந்திருந்தார். பின்னால் வாசிகசாலைச் சனம் முழுவதும் நின்றது. அவர் ஒருவரையும் பார்க்காமல், இத்தனை நாளும் உள்ளே வராத வண்டியைக் கொட்டில்வரை உருட்டிக்கொண்டு வந்து, தாங்கியில் குழாயை விட்டு, வாயால் இழுத்து, துப்பி, தன் எம்.டி. தொண்ணூறின் பெற்றோலைத் தாயின் தாங்கிக்குள் பாயவிட்டார். சனம் பார்த்தது. பார்த்துவிட்டு, புதிதாய் ஒன்றையும் தெரிந்துகொள்ளாதவர்கள்போல வேறு பக்கம் திரும்பியது.

சீலன் கிக்கரை மிதித்தான். தாய் எழும்பவில்லை. இன்னொருதரம் மிதித்தான். நேசமலர் அவனை விலக்கிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, தாயின் சீற்றில் ஒரு கையை வைத்து காலால் மெதுவாய் ஒரு மிதி மிதித்தாள், எழும்பியது. தையல் மெசின்போலச் சின்னதாய், சீரானதாய், அந்த ஊரின் பாதிப் பேர் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்ட சத்தம். கன்றுக்கு வாய் வைக்கவும் பலமில்லை. அவள் அதன் கழுத்தைப் பிடித்துக் குழாயில் வைத்து, தடவிக் கொடுத்து, முதல் சொட்டு இறங்கும்வரை குனிந்தபடியே இருந்தாள். இறங்கியது, கன்று இருமியது, கறுப்பாய் ஒரு சளி கக்கியது, பிறகு இழுக்கத் தொடங்கியது, இழுக்க இழுக்க ஹெட்லைட்டில் மங்கலாய் ஒரு மஞ்சள் வந்தது. "குடிக்குது" என்றாள். வேலியில் நின்ற பெண்கள் அதை ஒழுங்கைக்குச் சொன்னார்கள், ஒழுங்கை தோட்டத்துக்குச் சொன்னது.

பெட்டி ஏற்றக் கொழும்பிலிருந்து வந்த லொறியை வெறுமையாய்த் திருப்பக்கூடாதென்று ஊர் அதில் வெங்காயம் ஏற்றி அனுப்பியது. பெட்டிப் பலகை பசுபதியின் மாட்டுக்குத் தீனித் தொட்டியாகியது. சீலனின் லீவு முடிந்தது. போகமுதல், தாய் இங்கேயே நிற்கட்டும், நான் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தான், நேசமலர் ஏற்கவில்லை. தானமாய் வாங்கத் தனக்கு ஒன்றும் குறையில்லை என்றாள், வாரம் என்றால் வாரம், குட்டி பால் மறந்த அன்று வந்து கொண்டுபோம் என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அடுத்த ஆடியில் வந்தான். இன்னும் மறக்கேல்லை என்றார்கள். அதற்கடுத்த ஆடியிலும் வந்தான், அப்போதும் மறந்திருக்கவில்லை. நேசமலர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றாள். கன்று வளர்ந்து ரயர் கறுத்து, சீற்றுக்குத் தோல் வந்து, சத்தம் தடித்தது. வருடத்தின் மற்ற நாட்களிலெல்லாம் அது அவளைச் சந்தைக்கும் கோயிலுக்கும் கொண்டுபோகும், ஒருமுறை எட்வேட்டின் மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனைப் பின்னால் வைத்துக்கொண்டு போனது, கொன்ஸ்தாபிள் அதற்கு வழிவிட்டு நின்றார். ஆனால் சீலனின் விமானம் இறங்குகிற கிழமையில் ஊரே வேலைப்படும். ஒருவன் கொட்டிலைக் கூட்டுவான், ஒருத்தி நூற்சேலையை விரிப்பாள், பசுபதி தன் கையாலேயே தாயையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் குழாயைப் பொருத்திவிட்டு, இரண்டடி தள்ளிநின்று, இயல்பாயிருக்கிறதா என்று தலையைச் சரித்துப் பார்ப்பார்.

இந்த ஆடியில் அவன் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டான். படலையைத் திறந்தபோது பசுபதி கொட்டிலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார், மூச்சு வாங்கியது.

"இன்னும் மறக்கேல்லைத் தம்பி," என்றார், கேட்கப்படாமலே.

சீலன் உள்ளே போனான். மகள் தாயைவிட உயரமாய் நின்றது. குனியவேண்டியிருந்ததால் பின்சில்லை ஒரு செங்கல்லில் ஏற்றி வைத்திருந்தார்கள். மட்காட்டில் சந்தைச் சேறு இன்னும் ஈரமாயிருந்தது. கூடையிலிருந்து விழுந்த ஒரு முருங்கைக் கீரைக் காம்பு சீற்றில் ஒட்டியிருந்தது. அவன் முழங்காலில் இருந்து, பாசத்தோடு தடவுகிறவன்போலக் கையை நீட்டி, சைலன்சரைத் தொட்டான். தொட்ட விரலை உடனே எடுத்தான்.

வெளியே சனம் படலைவரை வந்து நின்றது.

"ஓம்," என்றான் சீலன், "பிஞ்சுதான் இன்னும். இப்ப பிரிச்சால் ஏங்கிப் போயிடும்."

சனம் கலைந்து தோட்டத்துக்குப் போனது. அவன் விரலை வாய்க்குள் வைத்தபடி கொட்டில் வாசலில் வந்து குந்தினான். நேசமலர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எப்படிச் சுட்டது என்று அவள் கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கற்றாழை மடல் ஒன்றை ஒடித்து, இரண்டாய்க் கிழித்துக்கொண்டு வந்து, "தாரும் கையை" என்றாள்.